அண்ணி கொடுத்த அட்டை

அன்புள்ள கமலி,

உன் கடிதம் வந்து மூணு மாசமாச்சு. திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிடு, சொல்ல நிறைய இருக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ என்னைவிட உயரமாயிட்டா, அந்தத் திமிரோட திரியறா.

எனக்கு நாலு மாசமா பீரியட்ஸ் வரல. தொல்லை விட்டதுன்னு சந்தோஷமாத்தான் இருந்தேன். டாக்டரம்மா எடுத்த எடுப்புல கர்ப்பமான்னு பார்க்கணும்னாங்க. நான் சிரிச்சேன், அவங்க சிரிக்கல. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின்னு ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன். முடிவில் பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால முட்டை ஒழுங்கா வெளியாகாத பிரச்சனை. இந்த வயசுல!

"ரெண்டு ஹார்மோன் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் தண்ணிக்குழாயைத் திறக்கிற ஆள் மாதிரி, புரொஜெஸ்டிரோன் மூடுற ஆள் மாதிரி. முட்டை வெளியானாத்தான் மூடுற ஆள் வருவார்"னாங்க. அவர் வராம ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை பார்த்தா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகுமாம். வருஷக்கணக்கா விட்டா புற்றுநோயில கூட கொண்டுபோய் விடலாமாம். என் சந்தோஷம் அங்கேயே போச்சு.

21 நாள் போட்டு 7 நாள் நிறுத்துற, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத்தான் முதல்ல எழுத ஆரம்பிச்சாங்க. "தலைவலி உண்டா?"ன்னு கேட்டப்ப இல்லைன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. அப்பதான் பரீட்சை ஹால் ஞாபகம் வந்தது. கேள்வித்தாளில் பாதி தெரியல, கண்ணோரத்துல கோணல்மாணலா மின்னுதுன்னு எழுந்து வந்தேனே, நீகூட 'மின்னலக்கா'ன்னு பேர் வச்சியே. அதைச் சொன்னதும் பேனா நின்னுடுச்சு. எழுதினதை அடிச்சாங்க. அப்படிக் கண்ணுல மின்னல் அடிக்கிற ஒற்றைத் தலைவலிக்காரங்க ஈஸ்ட்ரோஜன் எடுத்தா பக்கவாத ஆபத்து கூடுமாம். உன் கிண்டல் என்னைக் காப்பாத்திச்சுடி!

கடைசியில் மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன்னு, அந்த மூடுற ஆள் வேலையைப் பார்க்கிற மாத்திரை, 10 மில்லிகிராம், பத்து நாள். நிறுத்தின மூணாம் நாள் வந்தது. வரலேன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது இப்படி வரவைக்கணுமாம். இது கருத்தடை ஆகாதுன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாங்க. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் 'காயில்'னு (coil) ஒரு கருத்தடை சாதனமும் இருக்கு, அதை வச்சா பல பேருக்கு பீரியட்ஸே நின்னுடுமாம். "வராததுக்கு வராம இருக்கிறதே வைத்தியமா?"ன்னு கேட்டேன். அதுல சவ்வு மெலிஞ்சு போறதால வராது, உனக்கு தடிச்சும் வரல, ரெண்டும் ஒண்ணில்லைன்னாங்க. நியாயம்தான்.

கமலி, வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துப் படிச்சேன். தேதி தள்ளிப் போகுதுன்னு அண்ணிகிட்ட மிச்சமிருந்த கருத்தடை அட்டையை வாங்கிப் போட்டேன், இப்ப கடிகாரம் மாதிரி வருதுன்னு பெருமையா எழுதியிருக்கே. அது மாத்திரை காட்டுற கணக்கு, உன் உடம்போட கணக்கு இல்ல. உனக்கு பிரஷர் வேற இருக்கு. அதோட ஈஸ்ட்ரோஜன் சேரக் கூடாது. அண்ணிக்கு ஒத்துக்கிட்டா உனக்கும் ஒத்துக்குமா? மூணு மாசம் முன்னாடியே இதைப் படிச்சிட்டு டிராயர்ல போட்டு மூடினவ நான். அதுதான் தூக்கம் வரல.

அந்த அட்டையைக் கையோட எடுத்துக்கிட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போ. பிரஷர் எவ்வளவுன்னு எனக்கு ஒரு வரி எழுது. ஒரு வரி போதும், மீதி வம்பெல்லாம் அப்புறம்.

உன்,
மின்னலக்கா