ஆந்தைக்காக நடந்தவருக்கு

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் செய்த இயந்திர ஆந்தையை வைத்த கண்காட்சி முடிந்து வீடு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அந்த ஆந்தைக்கு நேர்ந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. ஆந்தை பிழைத்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் தலை திருப்பிப் பார்த்தது. நிஜ ஆந்தை 270 டிகிரி வரை திருப்பும்; எங்கள் ஆந்தையின் கழுத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு 180தான். அதுவே எங்களுக்குப் பெரிது.

கடை மூடும் நேரத்திலும் முகம் சுளிக்காமல் ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சார்களைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர். கழுத்து நடுங்குவதைப் பார்த்த மாத்திரத்தில், "மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்ட் ஒயரை மட்டும் ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் போர்டோடு சேருங்கள்" என்று சொல்லி, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் காசு வாங்காமல் தந்த டிவி மெக்கானிக். சென்சார்களுக்கு நடுவே தடுப்புப் பலகை அறுத்துத் தந்த தச்சர். இட்லிப் பாத்திரத்தோடு வந்து நின்ற பெற்றோர். அனைவருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் எங்கள் பள்ளி இரவுக் காவலர் அண்ணனுக்கு.

இந்தச் சென்சார் அறிவது உடம்புச் சூட்டின் அசைவை. குச்சியை ஆட்டிக் காட்டிப் பயனில்லை, ஆள் நடக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால் நிதானத்துக்கு வரவே ஒரு நிமிடம் ஆகும். சென்சாரின் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி நடக்க வேண்டும், மறுபடி திருகு, மறுபடி நடை. பிள்ளைகளோ ஒயரும் கையுமாக இருந்தார்கள். யாரும் கேட்காமலே அண்ணன் டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். மெதுவாக, வேகமாக, குனிந்து. போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு போனபோது ஆந்தை அவரைச் சட்டை செய்யவே இல்லை. பிள்ளைகள் அன்று முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

வெகுநேரம் கழித்து அவரே சொன்னார்: "சார், நேரே வந்தால் இது பார்க்க மாட்டேன் என்கிறது. குறுக்கே போனால் உடனே திரும்புகிறது."

சென்சாருக்கு உள்ளே இருப்பவை இரண்டு உணரிகள். ஒன்று முதலிலும் மற்றது பிறகும் சூட்டைக் கண்டால்தான் சமிக்ஞை பிறக்கும். நேரே வருபவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காண்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். நான் வகுப்பில் கரும்பலகையில் வரைவதை அண்ணன் கால்களால் கண்டுபிடித்துவிட்டார். உடனே திட்டத்தை மாற்றினோம்: மேசையை வாசலுக்கு எதிரே போடாமல் நடைவழியின் பக்கவாட்டில் போட்டோம். கூட்டம் முழுக்க ஆந்தைக்குக் குறுக்கே போயிற்று.

அண்ணா, விளக்க அட்டையில் உங்கள் பெயர் வேண்டாம் என்று மறுத்துவிட்டீர்கள். அவசரத்தில் விட்டுவிட்டேன். மாவட்டப் போட்டிக்கான அட்டையில் "சோதனைப் பொறுப்பு" என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். பிள்ளைகள் எழுதியாகிவிட்டது, உங்களைக் கேட்பதாக இல்லை.