மாசம் 30 லிட்டர்: சுங்கத்துறைக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் சுங்கத்துறையில இந்த விதிகளைப் பாத்துக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஈசூன்காரன், வயசு 57, ஷிப்யார்டுல சூப்பர்வைசர். 2009லேர்ந்து வீட்டு அடுப்படியில பீர் காய்ச்சறேன். காய்ச்சறேன்னு தமிழ்ல சொன்னாலே பாதி பேருக்கு முகம் மாறிடும், எங்க பெரியப்பா ஊர்லேர்ந்து ஃபோன் போட்டு ஏன்டா கப்பல் பட்டறை வேலைய விட்டுட்டு சாராயமா காய்ச்சறேன்னு சத்தம் போட்டாரு. சாராயம்னா ஆவியாக்கி வடிக்கணும், அது இங்க வீட்டுல கூடாது, நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுத்ததில்ல. என் வீட்டுக்காரிக்குப் புரியுற மாதிரி சொன்னா இது தோசை மாவு வேலை, புளிக்க விட்டு காத்திருக்குறது.

உங்க விதி எனக்கு மனப்பாடம். 18 வயசு ஆகியிருக்கணும், குடியிருக்குற வீட்டுலதான் போடணும், சொந்தமா குடிக்கத்தான், விக்கக் கூடாது, வடிக்கக் கூடாது, ஒரு குடும்பத்துக்கு மாசம் 30 லிட்டருக்கு மேல போகக் கூடாது. இப்படி இருந்தா லைசன்ஸே வேணாம்னு விட்டிருக்கீங்க, அதுக்கு நன்றி, நெசமாத்தான் சொல்றேன். எதுலயும் குறை சொல்ல வரல. அந்த "மாசம்"ங்கற ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் பேசணும்.

எங்க வீட்டுல எப்படி நடக்குதுன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ஞாயித்துக்கெழம காலையில 5 கிலோ மால்ட்டை, அதாவது முளைகட்டி காய வச்ச பார்லியை, உடைச்சு 66 டிகிரி தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வப்பேன், அந்தச் சூட்டுலதான் மாவுச்சத்து சக்கரையா மாறும், ரெண்டு மூணு டிகிரி கொறஞ்சா பீரு மெல்லிசா வரும், கூடுனா வாயில கெட்டியா இனிப்பா நிக்கும். அப்ப வர்ற வாசம் இருக்கே, ஹார்லிக்ஸ் டின்னைத் திறந்து மூக்கை உள்ள விட்ட மாதிரி, எதுத்த வீட்டு ஆன்ட்டி கதவுகிட்ட நின்னு அங்கிள் இன்னைக்கு என்ன கேக்கான்னு கேப்பாங்க. அப்புறம் கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ்ங்கற பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு ஆற வக்கணும், இங்க குழாத்தண்ணியே 28, 29 டிகிரியில வருது, அதை வச்சு எத்தனை டிகிரிக்கு ஆறும் சொல்லுங்க, கடைசியில ரெண்டு மூட்டை ஐஸ் வாங்கிட்டு வந்து சிங்க்குல கொட்டி பானைய அதுல உக்கார வச்சு நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.

மொத மொத போட்டது பிளாஸ்திரி மாதிரி நாறுச்சு. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, தண்ணியை சுத்தமா வக்கிறதுக்குப் போடுற குளோராமின் மால்ட்டோட சேந்தா அந்த வாடை வரும், அரை கேம்டன் மாத்திரையக் கரைச்சு விட்டா போயிடும்னு. தண்ணி மேல தப்பில்ல, என் விவரங்கெட்ட தனம். நம்ம ஊரே 2022ல கழிவுநீரைச் சுத்திகரிச்ச நியூவாட்டர்ல நியூப்ரூன்னு பீர் போட்டு கடையில வித்துச்சே.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். பீரைப் புளிக்க வக்குற ஈஸ்ட்டுக்கு நம்ம ஊர் வெக்கை ஆகாது, ஏல்ங்கற பீர் வகைக்கு 18லேர்ந்து 20 டிகிரி வேணும், அதனால பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணுல டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி வச்சிருக்கேன், அதுல ஒரே ஒரு 23 லிட்டர் வாளிதான் நிக்கும். எனக்குப் பிடிச்சது லாகர்ங்கற வகை. அது 10, 12 டிகிரியில ரெண்டு வாரம் புளிச்சு அப்புறம் ஐஸ் மாதிரி குளுருல ஒண்ணரை மாசம் கெடக்கணும், ஆக ஒரு லாகர் போட்டா ரெண்டு மாசம் ஃப்ரிட்ஜ் பூட்டுன மாதிரி. ரெண்டு மாசத்துல நீங்க விட்ட அளவு 60 லிட்டரு, நான் போட்டது 23. மிச்சம் 37 போச்சு. அடுத்த மாசம் தீவாளி, ஃப்ரிட்ஜும் காலி, ரெண்டு தடவை போடலாமேன்னா 46 ஆகுது, கூடாது. (இன்னொரு சந்தேகமும் இருக்கு, அக்டோபர் 28ல காய்ச்சி டிசம்பர்ல பாட்டில்ல ஊத்துனா அது எந்த மாசக் கணக்கு?)

இதுல எம் பையன் வேற. 26 வயசு, அவனும் போடறான், கலங்கலா ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்குமே அந்த ஐபிஏ வகை பீரு. குடும்பத்துக்குத்தான் 30, ஆளுக்கு இல்ல, அதனால கேலண்டர்ல ஒரு மாசம் அப்பா ஒரு மாசம் புள்ளைன்னு எழுதி தொங்கவிட்டிருக்கோம். போன வருசம் என் மாசத்துல அவன் அவசரப்பட்டு 10 லிட்டர் போட்டுட்டான், சரி நான் 20க்குள்ள நிறுத்திக்கிட்டேன், ஆனா அவன் முழுசா புளிக்கறதுக்கு முந்தியே பாட்டில்ல அடைச்சு அதுக்கு மேல சக்கரையும் போட்டுட்டான், பாட்டிலுக்குள்ள கேஸ் ஏறி ராத்திரி மூணு மணிக்கு சிங்க்குக்குக் கீழ டமார்னு ஒண்ணு, அப்புறம் வரிசையா நாலு. வீட்டுக்காரி எந்திரிச்சு வந்து கண்ணாடித் துண்டையெல்லாம் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயம். அப்போலேர்ந்து சக்கரை எவ்ளோ மிச்சம்னு காட்டுற ஹைட்ரோமீட்டர் மூணு நாளைக்கு ஒரே எண்ணைக் காட்டாம பாட்டில் கிட்டயே யாரும் போறதில்ல.

நான் கேக்குறது இதுதான், மாசம் 30ஐ வருசம் 360ன்னு மாத்துங்க. பெருக்கிப் பாருங்க, ஒரு சொட்டு கூடல. பீருக்கு சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி வரி, 30 லிட்டர் அஞ்சு சதவீத பீருன்னா ஒண்ணரை லிட்டர் ஆல்கஹால், 90 வெள்ளி, வருசத்துக்கு 1,080. இப்ப எங்க குடும்பத்துக்கு நீங்க விட்டுக்கொடுக்குற வரியும் அதிகபட்சம் அவ்ளோதான், அப்பவும் அவ்ளோதான். விக்கறதுக்காகப் பெருசா போடுவாங்கன்னு பயம் இருந்தா ஒரே மாசத்துல 60ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்கங்க, எனக்கு 46தான் வேணும். கணக்கு கேட்டா காட்டவும் ரெடி, 2009லேர்ந்து போட்ட ஒவ்வொண்ணும் தேதி, கிராவிட்டி (ஹைட்ரோமீட்டர் காட்டுன எண்), எத்தனை பாட்டில்னு மூணு நோட்டுல இருக்கு, சிலதுல மால்ட் கறை, பொறுத்துக்கணும்.

பையனுக்கு அடுத்த வருசம் பிடிஓ, அதாவது அரசாங்கம் கட்டிக் குடுக்குற புது வீட்டோட, சாவி வருது, அங்க அவனுக்குன்னு தனியா 30 லிட்டர், கேலண்டர் சண்டை முடிஞ்சுது. ஆனா ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போறேங்குறான். அதுக்கு உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, அத நான் பாத்துக்குறேன். நீங்க அந்த மாசத்தை மட்டும் பாருங்க.

இப்படிக்கு,
ஈசூன்லேர்ந்து ஒரு லாகர்காரன்