இருபது மாதமும் ஐந்தாம் தேதி தவறாத உங்களுக்கு

எல்லோரும் மாதாமாதம் கட்டி, மாதம் ஒருவர் மொத்தத்தை எடுக்கும் நம் ஏலச்சீட்டு இந்த மாதத்தோடு முடிகிறது. 20 பேர், ஆளுக்கு 500, சீட்டுத் தொகை 10,000. கணக்கு நோட்டை மூடுமுன் சில நன்றிகள்.

முதலில், சீட்டை முன்னாலேயே எடுத்தும் கடைசித் தவணை வரை தேதி மாறாமல் கட்டியவர்களுக்கு. சீட்டு இடறுகிற இடம் அதுதான். எடுக்கும்வரை நாலாம் தேதியே வந்து நிற்பவர், எடுத்த மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார். ஒருவர் ஏலத்தில் 2,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து எடுத்தால், அது இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 100 கழிவு. 400 கட்டினால் 8,000 சேரும். ஒரே ஒருவர் ‘அடுத்த வாரம்’ என்றால் 7,600தான். எடுத்தவரோ முழுசையும் பிள்ளையின் ஃபீஸுக்கு எண்ணி வைத்திருப்பார். கேட்கப் போகிறவருக்குக் கூச்சம். தர வேண்டியவர் கடைத்தெருவில் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். 400 ரூபாய்க்குப் பத்து வருஷப் பழக்கம் போகும்.

முடியாத மாதத்தில் மூன்றாம் தேதியே சொன்னவர்களுக்கும் நன்றி. இரண்டு நாள் இருந்தால் கைமாற்று புரட்டலாம். ஐந்தாம் தேதி ராத்திரி சொன்னால் யாரிடம் போவது?

ஜிபேயில் போட்டுவிட்டு ‘சீட்டு, எட்டாம் மாதம்’ என்று குறிப்பு எழுதியவர்களே, ரொக்கம் கொடுத்துவிட்டு நோட்டில் வரவு வைப்பதை நின்று பார்த்துப் போனவர்களே, உங்களால்தான் ஒரு வரிகூட அடித்து எழுதப்படவில்லை. ‘நம்ம ஆள்தானே, எழுதி என்ன’ என்ற பெருந்தன்மை சீட்டுக்கு ஆகவே ஆகாது.

யார் எவ்வளவு தள்ளினாலும் ‘அப்படி என்ன அவசரம்’ என்று ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்து தேவைப்பட்டவர் வாய் திறக்காமல் வட்டிக்காரரிடம் போயிருப்பார்.

கடைசிச் சீட்டு வரை பொறுத்த அக்காவுக்கும் நன்றி. முதல் மாதமும் கடைசி மாதமும் கழிவில்லை. நடுவில் 18 ஏலம், சராசரி தள்ளு 1,200. அவர் கட்டியது 8,920, கையில் வாங்குவது 10,000. முதல் சீட்டை நாங்கள் எடுத்துக்கொண்டதால் எங்களுக்குத் தனிக் கமிஷன் கிடையாது.

ஜாமீன் போட்டவர்கள் ஞாயிறு காலை டெய்லர் கடையில் உங்கள் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கிழித்துப் போடுமுன் நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து.

இப்படிக்கு,
சீட்டு நடத்தியவர்கள்