பிரேக் ஆயிலும் உன் அப்பாவும்

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உனக்கு எழுதவில்லை. என் மேல்தான் தவறு. ஆனால் போனில் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் "மீட்டிங்டா" என்று வைத்துவிடுகிறாய். இந்தச் செய்தி இரண்டு நிமிடத்தில் அடங்காது. உட்கார்ந்து முழுவதும் படி.

ஆடிப்பெருக்கன்று கொல்லிமலையில் என் வண்டியில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் காரவள்ளி வழியாக ஏறினோம். நான், மலர், சின்னவள், அத்தை. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கைப் படிகளில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அருவிக்குப் போகாமலே மூன்று மணிக்குத் திரும்பினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சின்னவள் பலகைகளில் உள்ள எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். நான் உன் அப்பா கற்றுக்கொடுத்தபடியே நியூட்ரலில் விட்டு, பிரேக்கில் கால் வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் "முப்பத்தொன்று" என்றபோது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது.

அந்த நேரத்தில் மனத்தில் ஒன்றும் ஓடவில்லை, கைதான் ஓடியது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். இஞ்சின் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது கம்பி வழியாகப் பின்சக்கரத்தைப் பிடிப்பது, ஆயிலோடு சம்பந்தமில்லாதது, அதனால் அது மட்டும் கேட்டது. மலையோரக் கால்வாயில் இடது சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினேன். நான்கு சக்கரங்களிலிருந்தும் தீய்ந்த வாடை. அத்தை "முருகா" என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் பேசவில்லை. மலர் இன்றுவரை அதைப்பற்றிப் பேசவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது, சேகர்! எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. கெட்டது கெட்டதாகவே இருந்தால் ஒதுக்கி வைத்துவிடலாம். தானாகச் சரியாகிவிட்ட ஒன்றை எப்படி நம்புவது? அந்த வழியாக வந்த டெம்போ ஓட்டுநர் ஒருவர் சக்கரத்தின் அருகே கையை நீட்டி வெப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஆயில் கொதித்துவிட்டது, அண்ணா" என்றார். தன் டெம்போவை உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, என் வண்டியை முதல் கியரிலேயே அடிவாரம் வரை இறக்கித் தந்தார். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் இதே வேலையாக இருந்தேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் ஆயிலே இல்லை. கிளைகால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்று போட்ட புது டப்பாவில் இருப்பது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதாக 230, ஈரம் ஏறினால் 155. இடைவிடாமல் பிரேக் பிடித்து மலை இறங்கும்போது அந்தச் சூட்டில் குழாய்க்குள் ஆவிக் குமிழ் கிளம்பும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தம் முழுவதும் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். அன்று நடந்தது அதுதான். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கிறார்கள்.

நான் மாற்றாமல் இல்லை. சித்திரையில் சர்வீஸுக்கு விட்டபோது கொடுத்த பில் என்னிடம் இருக்கிறது. "பிரேக் ஆயில் மாற்றம்" என்று தனி வரியில் எழுதி, தொகையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் இருக்கும் அந்த வெள்ளை டப்பாவைப் பார்த்தால் உள்ளே கருப்பட்டிக் காப்பி நிறம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஆயிலை வெளியேற்றும் நிப்பிளின் ரப்பர் மூடியில் பல வருடச் செம்மண் அப்படியே இறுகிக் கிடந்தது. யாரும் தொட்டதே இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "அப்போது இருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்" என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். வாங்கவில்லை. சின்னவள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்த குரல் காதில் இருக்கும்போது அந்தப் பணத்தை எப்படி வாங்குவது? லாரிக்கு பாடி கட்டுவதற்கே பேர்போன ஊரில், திரும்பிய பக்கமெல்லாம் பட்டறை இருக்கும் ஊரில், எனக்கு இது நடந்தது. இனி அடிப்படை வேலைகளை என் கையால் செய்வது என்று அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

இப்போது உன் அப்பாவிடம் வருகிறேன்.

வாரம் ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கிறேன், உனக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். "எந்த கியரில் இறங்கினாய், கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த அம்பாசடரை வாசலில் நிறுத்தி அவர் வேலை செய்வதைப் பார்த்துத்தானே நான் வண்டியையே கற்றேன். நீ குண்டுமணியோடு கில்லி விளையாடப் போய்விடுவாய். கிரீஸ் கன்னைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவன் நான். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் அங்கே கற்றதுதான். அவர் இஞ்சினையே அணைத்துவிடுவார், நினைவிருக்கிறதா? ஏற்காட்டிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்குவோம். நமக்கு அது விமானத்தில் போவதுபோல இருக்கும்.

கடைசியில் சொல்லிவிட்டேன். கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் வீணாகச் செலவாகும் என்றேன். கியரில் இருந்தால் இஞ்சினே பாதி பிரேக்காக இருந்து வண்டியைத் தாங்கும் என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சேகரையும் அவன் அம்மாவையும் அப்படித்தானே இத்தனை வருடம் இறக்கி வந்தேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறார், கையில் அந்தக் காக்கித் துணிச் சுருளோடு! அம்பாசடரை 2014-இல் விற்றார் அல்லவா, உத்தரப்பாராவில் ஆலை நின்ற அதே வருடம். அதன்பிறகு அந்தச் சுருளை அவர் பிரித்தே நான் பார்த்ததில்லை. விரித்தார். ஒவ்வொரு ஸ்பேனரும் எண்ணெய் பூசித் துடைத்த பளபளப்பு. பாதிக்கு மேல் அங்குல அளவு. என் ஆல்ட்டோவில் எல்லாமே மில்லிமீட்டர். ஏறக்குறைய பொருந்துகிறதே என்று மாட்டித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அவரே பொறுக்கி ஒதுக்கிவிட்டு, "ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக்கொள்" என்றார். கடைக்குப் போய் வாங்கிவரும்வரை வேலையைத் தொடங்க விடவில்லை.

அவருக்கும் எனக்கும் இரண்டு இடத்தில் சண்டை. ஜாக்கியை ஏற்றியதும் அடியில் ஹாலோ பிளாக் கல்லை வைக்கச் சொன்னார். அது பாரம் தாங்கும்போது ஒரு நொடியில் நொறுங்கும். நான் இரும்பு ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தேன், அதைத்தான் வைத்தேன். எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அடுத்தது, பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருந்த தூளை வாயால் ஊதப் போனார். தடுத்துவிட்டேன். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும், அப்பா, நுரையீரலைத் தின்றுவிடும் என்றேன். ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப் போட்டேன். முணுமுணுத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சக்கரத்தருகே, ஒருவர் பெடலில். அவருக்கு முட்டி மடங்காது, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. அதனால் ஓட்டுநர் இருக்கையில் அவர், தரையில் நான். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கினோம். நிப்பிளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். அதில் கண்ணாடிபோல் தெரியும் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் அமிழ்த்தினேன். "மிதியுங்கள், அப்பா." "மிதித்தாயிற்று." நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினால் கறுப்பாக ஒரு பீச்சல், கூடவே குமிழ்கள். இறுக்கிய பிறகுதான் "விடுங்கள்" என்பேன். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். பத்து மிதிக்கு ஒருமுறை மேலே எழுந்துபோய் டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றுவேன். ஒரு துளி பெயின்ட் மேல் விழுந்தாலும் அதை அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மூன்றாவது சக்கரத்தில், குழாயில் இன்னும் ஒரு குமிழ் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தபோது, "இன்னும் ஒரே மிதி, கண்ணு. கால் சொல்கிறது" என்றார். அடுத்த மிதியில் சுத்தமான தேன் நிறம், குமிழே இல்லை. கண் பார்க்க முடியாததை அவர் கால் பார்த்தது. நான்கு சக்கரமும் முடிந்தபோது மணி பன்னிரண்டு. பெடல் கல்லாக நின்றது. காலியான சாலையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் தெருவை விட்டு வெளியே எடுக்க விட்டார். மத்தியானம் மலர் செய்த கோழிக்குழம்பில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வருகிறார். இஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்கச் சொன்னார். பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஒருவர் வாங்கிப் போனார். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். பிளக் மூன்றையும் கழற்றி இடைவெளி பார்த்தோம். இதெல்லாம் அரை நாள் வேலைகூட இல்லை. டைமிங் பெல்ட்டை மட்டும் நான் தொடப்போவதில்லை; அதற்கு அவரே ஒரு பழைய மேஸ்திரியைச் சொல்லியிருக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

உன்னிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. போன மாதம் அப்பாவுக்குப் போன் செய்து, தீபாவளிக்கு வரும்போது பின்கட்டு அறையைக் காலி செய்து இரும்புச் சாமானையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றாயாமே? அவர் உன்னிடம் சரி என்றார். என்னிடம் வந்து சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சுருளும் கிரீஸ் கன்னும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடுவது என்ற பேச்சு இனி வேண்டாம்.

இன்னொன்று. மாதம் இரண்டு முறை கண்டாலா மலைப்பாதையில் குடும்பத்தோடு போய்வருகிறாய். உன் வண்டி வாங்கி ஐந்து வருடம். பானெட்டை ஒருமுறையாவது திறந்தாயா? தொடுதிரை எத்தனை அங்குலம் என்று மட்டும் எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறாய். நாளைக் காலை, இஞ்சின் ஆறியிருக்கும்போது திற. பிரேக் ஆயில் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பு. நிறத்தை அப்பாவுக்கு நான் சொல்கிறேன். மாற்றிவிட்டார்கள் என்று உன் பில் சொல்வது எனக்கு வேண்டாம்.

குண்டுமணி மகளுக்கு நாமக்கல்லிலேயே வரன் அமைந்துவிட்டது. ஐப்பசியில் நிச்சயதார்த்தம். உனக்கும் சொல்லியிருப்பான்.

அன்புடன்,
முத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் அப்பா ஒன்று சேர்க்கச் சொன்னார். உன் டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்; 2319 என்றால் 2019-இன் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் படித்து எழுதி அனுப்ப வேண்டுமாம். எனக்கு இல்லை, அவருக்கு அனுப்பு.