மண் சுமந்தவர் காப்பி குடிக்க மாட்டாரா?

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? நான் பதில் போடவில்லை என்று ராஜத்திடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். அவள் அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து, நாம் இருவரும் பேச்சுவார்த்தையையே முறித்துக்கொண்டோம் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இனி நாம் உண்மையாகவே சண்டை போட்டாலும் யாருக்கும் அது புதுச் செய்தியாக இருக்காது.

மாமாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதருக்குச் சோறு இல்லாமல்கூட இருக்க முடியும், புத்தகம் இல்லாமல் முடியாது. அதனால் விளக்கு வைத்ததும் நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார். பாடம் நடத்துகிற தோரணை இன்னும் உனக்குப் போகவில்லை என்று அதற்கு ஒரு விமர்சனம் வேறு.

முதலில் திருவிளையாடற் புராணத்தை வசனத்தில் படித்தோம். 64 படலமும் முடிந்த அன்று எனக்குக் குறும்பு தலைக்கேறியது. “65-ஆவது ஒன்று பாக்கி இருக்கிறது மாமா” என்று முகத்தை மாற்றாமல் சொல்லிவிட்டு, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுத்தேன். பிராட்வே மூலையில் நிற்கிற கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார் அல்லவா, அங்கேயே மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டுக் கடவுள் அதைத் தன் லீலை என்று நினைக்க, அது ஹோட்டல்காரன் லீலை, சிக்கரித் தூள் கலந்திருக்கிறான் என்று பிள்ளை விளக்குவாரே! கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறார் மாமா. எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணுக்குச் சிரமம் கொடுக்காதீர்கள் என்றல்லவா டாக்டர் சொல்லியிருக்கிறார்!

எத்தனையோ தடவை படித்த கதைதான். இந்தத் தடவை சத்தமாகப் படித்தபோதுதான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. கடவுளைப் பார்த்துப் பிள்ளை அசரவே இல்லை. தன் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பிடித்துவிடுகிறார். கடவுள் எதிரே வந்தால் காலில் விழுந்துவிடுவோம் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சந்தா ரசீதைத்தான் முதலில் தேடுவோம். அதிலும் ஆயுள் சந்தா! எவனுக்கு ஆயுள் முடிவே இல்லையோ அவனிடம்! மாமா அந்த இடத்தில் என்னை நிறுத்தி, “பணம் முழுதும் கைக்கு வந்துவிட்டதா?” என்று கேட்டார். பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர் அல்லவா, கவலை அவருக்கு.

கடைசியில் கடவுள் நாட்டியம் ஆடிப் பிழைக்கப் போகிற இடம். கலை ரசிகரான பெரிய மனிதர் ஒருவர் நடராசரையே ஆட்டம் சரியில்லை என்று தள்ளிவிடுகிறார். மாமா சிரிக்கவில்லை. “ஆடுகிறவனைப் பாதியில் நிறுத்துகிறானா, படுபாவி” என்று பல்லைக் கடித்தார். கவனித்தாயா? கோபம் எழுதினவர் மேல் இல்லை, அந்தப் பெரிய மனிதர் மேல்.

இதற்கு நடுவில் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், “தாத்தாவிடம் போய் இதையா படிப்பது? அவர் மனம் புண்படாதா?” என்றான். திருநீறு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது! மாமா காதில் அது விழுந்துவிட்டது. “மண் சுமக்க வந்தவன் காப்பி குடிக்க வரமாட்டானா?” என்றார். பிறகு சிவபெருமானைப் பற்றி ஒரு பிரசங்கம். உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வந்து, கரையை அடைக்காமல் படுத்துத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி வாங்கினவர். சுந்தரர் சொன்னார் என்பதற்காகத் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் அவர் மனைவி பரவையார் வீட்டுக்குத் தூது நடந்தவர், அதுவும் இரண்டு நடை. கண் போன கோபத்தில் அதே சுந்தரர் ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட, அதையும் கேட்டுக்கொண்டவர். இவரா ஒரு கதைக்குக் கோபித்துக்கொள்வார்?

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனம் அடங்கவில்லை. இந்தக் கதை 1943-இல் ‘கலைமகள்’ பத்திரிகையில் வந்தது. கோலம் போட்ட வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் படித்த பத்திரிகை. இன்று எங்கள் வாசகர் வட்டத்தில் நவராத்திரி சமயம் இதைப் படிக்கலாம் என்றேன். எதற்கு வம்பு என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாருக்கும் கதை மேல் வெறுப்பு இல்லை, கோமதி. அதுதான் என்னை உறுத்துகிறது. படித்துச் சிரித்தவர்களே, வேறு யாரோ ஒருவர் கோபிப்பார் என்று பயப்படுகிறார்கள். அந்த யாரோ ஒருவரை இதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா?

கோபத்தில் அடுத்து அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதிய ஆதாமின் நாட்குறிப்பை எடுத்தேன். புரியும்படி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஏதேன் தோட்டத்தை நயாகரா அருவிப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார் மனிதர்! தான் வாயைத் திறப்பதற்குள் ஏவாள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிடுகிறாள் என்று ஆதாம் அழுகிறான். பிறந்த குழந்தை என்னவென்று தெரியாமல் மீன் என்கிறான், பிறகு கங்காரு, பிறகு கரடி. மாமா, “உன் அத்தையும் இப்படித்தான், பால்காரர் முதல் தாசில்தார் வரை ஒருவரையும் சொந்தப் பெயரோடு விட்டுவைத்ததில்லை” என்றார். ட்வைன் தன் மனைவி இறந்த பிறகு ஏவாளின் நாட்குறிப்பை எழுதினார். அதன் கடைசி வரியில், அவள் எங்கே இருந்தாளோ அங்கேதான் ஏதேன் இருந்தது என்று ஆதாம் சொல்கிறான். அதையும் சொன்னேன். அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நானே ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. ஓய்வூதியம் வாங்குகிற கிழவர் ஒருவரை அழைத்துப் போகச் சித்திரகுப்தன் வருகிறான். அவரோ வாழ்நாள் சான்றிதழுக்காகக் கருவூலத்தில் வரிசையில் நிற்கிறார். விரல் ரேகை பதியவில்லை. ஆகவே அவர் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி இல்லை. அத்தாட்சி இல்லாதவரின் உயிரை எப்படி எடுப்பது என்று சித்திரகுப்தனும் அதே வரிசையில் நிற்கிறான். முப்பது வருடம் கருவூலத்தில் குப்பை கொட்டியவள் நீ. ரேகை பதியாவிட்டால் அடுத்து எந்த மேசைக்கு அனுப்புவீர்கள், அங்கே என்ன கேட்பார்கள், எத்தனை கையெழுத்து என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. ராஜத்திடம் மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
சிவகாமி