செபிக்க முடியவில்லை என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரல் இருந்த நிலையில் எதைச் சொன்னாலும் புத்திமதி மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன். "அன்பியமே முழங்கால் போட்டு செபிச்சுது, அப்பா போயிட்டார், இனி எங்க வீட்டுல கூட்டம் வேண்டாம் அக்கா" என்றாய். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடிச் செபிக்கிற நம் அன்பியம் இனி உன் வீட்டுக்கு வரவேண்டாம் என்கிறாய். சரி. நீ கோபப்படுவதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. 88-வது திருப்பாடலை ஒருமுறை எடுத்துப் படி. புலம்பிப் பாடுகிற பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது ஒரு நம்பிக்கையிலோ நன்றியிலோ போய் முடிந்துவிடும், இது மட்டும் இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் செபம்தான் என்று நம் முன்னோர்கள் திருநூலில் வைத்திருக்கிறார்கள்.

அடக்கத்தன்று யாரோ உன்னிடம் "நம்ம விசுவாசம் பத்தல" என்றாராமே. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே, அது உண்மையும் இல்லை. திருநூலில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் சினந்துகொண்டதும் அவர்கள் மேல்தான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் பிழைத்து வீட்டுக்குப் போனார், அப்பா ஏன் பிழைக்கவில்லை? எனக்குத் தெரியாது தம்பி. தெரிந்த மாதிரி யாராவது பேசினால் எழுந்து போய்விடு. திருத்தூதர் பணிகள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர் பேதுரு சிறையிலிருந்து தப்பிய கதையை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், சங்கிலி கழன்று விழுந்தது, வானதூதர் வழிகாட்டினார், இரும்புக் கதவு தானாகத் திறந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் படம்கூட வரைந்திருக்கிறோம். ஆனால் அதே அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. ஏரோது அரசன் யோவானின் சகோதரர் யாக்கோபை வாளால் கொன்றான், ஒரே வரி, அவ்வளவுதான். இயேசுவோடு மலைமேல் ஏறிய மூன்று பேரில் ஒருவர் அந்த யாக்கோபு. அவருக்கு எந்தத் தூதரும் வரவில்லை. ஏன் ஒருவர் செத்தார், ஒருவர் பிழைத்தார் என்று அந்த நூலை எழுதிய லூக்கா விளக்கம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு அந்த நூல்மேல் மரியாதை குறைந்திருக்கும்.

எனக்கு அந்த அதிகாரத்தில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. யாக்கோபை இழந்த அதே மக்கள்தான், அந்தத் துக்கம் ஆறுவதற்குள், மாற்கின் தாய் மரியாவின் வீட்டில் ராத்திரி கூடிப் பேதுருவுக்காக செபித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் பெரிய நம்பிக்கையோடு என்று சொல்லமுடியாது, பேதுரு வந்து கதவைத் தட்டியபோது ஓடிவந்து சொன்ன பணிப்பெண்ணைப் பார்த்து உனக்குப் பைத்தியமா என்றுதான் கேட்டார்கள். ஆனாலும் கூடியிருந்தார்கள்.

ஒக்கி நேரம் உனக்கும் நினைவிருக்கும். 2017 நவம்பர் கடைசியில் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாக நம் கடற்கரை ஊர்களில் ஆட்கள் திரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் படகையே எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள், டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து ரயிலை மறித்தார்கள். எத்தனையோ வீட்டில் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த அம்மாமார்களிடம் கடவுள் கேட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வராது. ஒருவர் வீட்டுத் துக்கத்தை அந்த வீட்டோடு விட்டுவிடக் கூடாது என்கிற பிடிவாதத்தை அவர்களுக்குக் கொடுத்தது கடவுள்தான் என்று மட்டும் நம்புகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நீ மறந்திருக்க மாட்டாய். நம் அன்பியத்து ஆட்கள் முறைவைத்து ராத்திரி காவலுக்கு வந்தார்கள், கஞ்சியும் பயறும் யார் வீட்டிலிருந்தாவது வந்துகொண்டே இருந்தது. மேலவீட்டு அண்ணன் வெந்நீரில் துண்டை நனைத்து அப்பாவின் தாடியை ஊறவைத்து, ஆக்சிஜன் குழாய் அசையாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு சவரம் செய்துவிட்டார். அப்பா கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். நீ அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய், அதனால் சொல்கிறேன். இது அப்பாவுக்கு ஈடாகாது, ஈடு என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் நாம் செபித்ததற்குக் கடவுள் என்ன செய்தார் என்று நீ கேட்கும்போது, அந்த அண்ணனின் கை எனக்கு ஞாபகம் வருகிறது. கடவுள் எட்டிப் பார்க்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. முடக்குவாதக்காரரை நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அவர் இயேசுவிடம் ஒரு வார்த்தை கேட்டதாக மாற்கு தன் நற்செய்தியில் எழுதவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைப் பார்த்துத்தான் இயேசு பேசினார். உனக்கு இப்போது செபிக்க வரவில்லை என்றால் செபிக்காதே. செபமாலையைக் கையில் எடுக்கவேண்டாம், பாட்டுக்கு வாய் அசைக்கவும் வேண்டாம், மன்றாட்டு நேரத்தில் பின்கட்டில் போய் நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பங்கையும் சேர்த்து நாங்கள் சொல்கிறோம். எனக்கு வராத நாள் வரும்போது நீ சொல்லு.

அப்புறம், கூட்டம் வேண்டாம் என்று நீ சொன்னது உனக்காக. அம்மாவிடம் கேட்டாயா? ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் "நம்ம வீட்டு முறை எப்போ வருது" என்று கேட்டார்கள். நீ பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறாய், அந்த வீட்டில் அப்பாவின் நாற்காலியோடு இருப்பது அம்மாதான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வருகிறோம். வேண்டவே வேண்டாம் என்றால் அதற்குமுன் ஒரு போன் போடு, என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அம்மாவை நான் வந்து கூட்டிப்போகிறேன். வருவதாக இருந்தால் அம்மாவைக் காப்பி போடவிடாதே, பிளாஸ்கில் நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அக்கா