கூலிக்கு அப்புறம்தான் கொடை

ஆசிரியர் அவர்களுக்கு,

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றாலே மேடை, பேனர், புகைப்படம் என்றாகிவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிமாக எனக்கு இது உறுத்துகிறது. முன்பு நான் இருந்த நிறுவனத்தில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளம் நிலுவையில் கிடக்கும். அதே மாதம் நலத்திட்ட விழாவுக்குக் காசோலை போகும். இரண்டு வவுச்சரும் என் மேசைக்குத்தான் வரும்.

வியர்வை உலரும் முன் உழைப்பாளியின் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கூலி என்பது கடன். தர்மமெல்லாம் அதற்கு அப்புறம்தான். அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கேடுதான் என்றே குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. நல்ல சம்பாத்தியத்திலிருந்து செலவிடுங்கள் (2:267), சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் (2:264) என்றும் சொல்கிறது.

ஜகாத் என்னும் கட்டாய தர்மத்தை 2.5 சதவீதம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆற்றில் கழிவை விட்டு ஊர்த் தண்ணீரைக் கெடுத்தவருக்கு அது எப்படிப் பாவமன்னிப்பாகும்? பறிக்கப்பட்ட உரிமையை உரியவரிடமே திருப்பித்தர வேண்டும் என்பதுதானே மார்க்கம்?

நலத்திட்ட அறிக்கை வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும், குறிப்பாக முஸ்லிம்கள் நடத்தும் நிறுவனங்கள், அதன் முதல் பக்கத்தில் சம்பள நிலுவை எவ்வளவு என்று அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்